“தொடரவும்” என்ற பட்டனை வரைந்தது நான்தான். நான் குற்றவாளியா?

தூக்கத்துக்கும் தியானத்துக்குமான ஒரு செயலியில் ஆறு வருடமாக டிசைனராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன்னை அடையாளம் காட்டும் விவரங்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்.

அந்தச் செயலி முதல் ஏழு நாள் இலவசம். எட்டாவது நாள் ஒரு வருடச் சந்தா கார்டிலிருந்து தானாகப் போய்விடும். வேண்டாம் என்பவர்கள் முன்பெல்லாம் இரண்டே ஸ்க்ரீனில் ரத்து செய்துவிடலாம். சென்ற வருடம் பிராடக்ட் மேனேஜர் “ரத்துகளைக் குறைக்க வேண்டும்” என்றார். வாசகி அதை ஆறு ஸ்க்ரீன் ஆக்கினார். நான்காவது ஸ்க்ரீனில் அடர்நீலத்தில் பெரிய பட்டன், அதில் “தொடரவும்” என்று ஒரே சொல். ரத்து வேலையைத் தொடரத்தான் என்று நினைத்து ஆட்கள் அழுத்துகிறார்கள். ஆனால் அது சந்தாவைத் தொடர்வதற்கான பட்டன். சத்தமில்லாமல் முகப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். உண்மையில் ரத்தாகும் வழி அதற்குக் கீழே, வெளிர்சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் இருக்கிறது: “எனக்கு நிம்மதியான தூக்கம் வேண்டாம்.” அந்த ஒற்றைச் சொல்லும் இந்த வாசகமும் இவர் எழுதியவை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துச் சோதித்ததில் ரத்துகள் பாதியாகக் குறைந்தன. இவருக்கு போனஸும், அலுவலகத்துக்குள் ஒரு விருதும் கிடைத்தன.

மூன்று வாரத்துக்கு முன் இவரை வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இரண்டு நாள் உட்கார்ந்து அழைப்புப் பதிவுகளைக் கேட்கச் சொன்னார்கள். ஒரு பதிவில் வயதான ஓர் அம்மாள், மூன்று முறை ரத்து செய்தும் பணம் போய்விட்டது என்கிறார். விளக்கம் கேட்டு முடித்ததும், “எனக்குத்தான் இதெல்லாம் புரியலை போலிருக்கு, மன்னிச்சுக்கோம்மா” என்று சேவைப் பிரிவுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். “அந்தக் குரல் போகவே மாட்டேன் என்கிறது” என்று எழுதுகிறார் வாசகி.

இப்போது அதே பாணியை “என் தகவல்களை அழி” என்ற பகுதிக்கும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அதற்கான கூட்டம். “சொன்னதைச் செய்துவிட்டுப் போ, உனக்கெதுக்கு வம்பு” என்பது கணவரின் கருத்து. வீட்டுக்கடன் வேறு இருக்கிறது. நான் செய்தது குற்றமா, வழக்கு வந்தால் என்னையும் பிடிப்பார்களா, ஸ்க்ரீன்ஷாட்களை வெளியே போட்டுவிடலாமா, வேலையை விட்டுவிட்டால் மனம் ஆறுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “நான் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்யத்தானே போகிறார்?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நான் வழக்கறிஞர். நுகர்வோர் வழக்குகளும் பணி ஒப்பந்தங்களும்தான் என் தினசரி வேலை. உங்களுக்குப் பதில் எழுதும்முன் என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தப் படிவம் எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் விலக வேண்டுமானால் 30 நாள் முன்னதாகப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன், 11ஆம் பக்கத்தில். நிபந்தனையைக் கேட்டது அவர்கள். 11ஆம் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த 11ஆம் பக்கம்தான் கண்முன் வந்தது.

சொன்னது அவர், வரைந்தது நீங்கள்

உங்கள் மேனேஜர் கேட்டது ஒரு விளைவை: ரத்துகள் குறைய வேண்டும். அதற்குப் பல வழிகள் இருந்தன. ஏன் போகிறீர்கள் என்று கேட்டுக் குறையைச் சரிசெய்யலாம். பாதி விலையில் தருகிறோம் என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். மூன்று மாதம் நிறுத்திவைக்கும் வசதி கொடுக்கலாம். இத்தனை வழியிருக்க “தொடரவும்” என்ற சொல்லை எடுத்தது நீங்கள். அதனால் “சொன்னதைச் செய்தேன்” என்பது முழு உண்மை ஆகாது. அதே சமயம், எல்லாப் பாரத்தையும் உங்கள் தலையிலேயே ஏற்றிக்கொள்வதும் சரியில்லை. அந்தச் சோதனையின் முடிவைப் பார்த்து, சரி, இதுவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். புகார்கள் குவிவதைப் பார்த்தும் பேசாமல் இருந்த பிரிவு இருக்கிறது. அவரவர் பங்கு அவரவருக்கு. உங்கள் பங்கு சின்னதில்லை, அவ்வளவுதான்.

“யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் நோக்கம் மட்டும் போதாத தொழில் உங்களுடையது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்ட வாக்குச்சீட்டு நினைவிருக்கலாம். வயதானவர்கள் படிக்க எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், வேட்பாளர் பெயர்களை எதிரெதிரான இரண்டு பக்கங்களில் போட்டு, துளையிடும் இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். எந்தத் துளை யாருக்கு என்று ஆயிரக்கணக்கானோர் குழம்பினார்கள். அந்த மாநிலத்தின் முடிவோ வெறும் 537 வாக்கில் தீர்ந்தது. அங்கே நோக்கம் நன்றாக இருந்தது, யாருக்கும் தெரியாமல் குழப்பம் நடந்துவிட்டது. உங்கள் விஷயம் அப்படியல்ல. நீங்கள் நடத்திய சோதனை குழப்பத்தை எண்ணிப் பார்த்தது; எண்ணிவிட்டு அதற்கு வெற்றி என்று பெயர் வைத்தது. மூன்று முறை தவறான பட்டனை அழுத்திய அந்த அம்மாளும் உங்கள் அறிக்கையில் “தக்கவைத்துக்கொண்ட வாடிக்கையாளர்” என்ற கணக்கில்தான் இருப்பார்.

வற்புறுத்துவதும் டிசைனரின் வேலைதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், தப்பில்லை. எங்கே கோடு போடுவது என்பதற்கு நான் கையாளும் சோதனை ஒன்று உண்டு. எதிரில் இருப்பவருக்கு முழுதாகப் புரிந்த பின்னும் அந்த உத்தி வேலை செய்யுமா? பாதி விலை என்பது புரிந்த பின்னும் வேலை செய்யும். “தொடரவும்” என்றால் என்ன என்று புரிந்த மறுநிமிடம் அந்தப் பட்டன் செத்துவிடும். புரியாமையை நம்பி நிற்பதால் அது வற்புறுத்தல் இல்லை.

“எனக்கு நிம்மதியான தூக்கம் வேண்டாம்” என்ற வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. போகிறவரை வெட்கப்படவைத்து நிறுத்தும் இந்த உத்தி பழையது. உள்ளதில் கொஞ்சம் சாமர்த்தியமானது என்றுகூட உங்கள் அலுவலகத்தில் சிரித்திருப்பார்கள். தூக்கம் வராமல் செயலியைத் தேடி வந்தவரிடம் அதைச் சொல்வதுதான் எனக்குக் கசக்கிறது.

சட்டம் உங்களைப் பிடிக்குமா?

இதில் உங்கள் பயம் ஒரு பக்கம் அதிகம், இன்னொரு பக்கம் குறைவு.

இப்படிப்பட்ட வடிவமைப்புகளுக்கு “டார்க் பேட்டர்ன்” என்ற பெயரை ஹாரி பிரிக்னல் என்பவர் 2010இல் வைத்தார். அப்போது அது டிசைனர்களுக்குள் நடந்த பேச்சு. இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சந்தாவில் மாட்டிவைப்பதும், வெட்கப்படவைத்துச் சம்மதிக்கவைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. கலிஃபோர்னியாவின் தனியுரிமைச் சட்டப்படி இப்படித் தந்திரமாக வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது. உங்கள் பயனர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்களோ அந்தந்த நாட்டுச் சட்டம் உங்கள் நிறுவனத்தைத் தேடி வரும்; அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை.

நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமேசான் பிரைம் சந்தாவில் ஆட்களைத் தெரியாமல் சேர்த்துவிடுகிறார்கள், வெளியேற விடுவதில்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் வழக்குப் போட்டது. ரத்து செய்ய 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பது குற்றச்சாட்டு. அந்த ரத்து வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் “இலியட்”. பத்தாண்டு நீண்ட டிராய் போரைப் பாடும் காவியத்தின் பெயர். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது, ஆனால் அது வழக்கு மனுவில் அச்சாகும் என்று நினைத்திருக்க மாட்டார். 2025 செப்டம்பரில், தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பப் போக வேண்டியது.

இதில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. வழக்கு நிறுவனத்தின் மீதும், முடிவெடுத்ததாகச் சொல்லப்பட்ட உயர் அதிகாரிகள் மீதும் போனது. ஸ்க்ரீன் வரைந்தவர்கள் பிரதிவாதிகள் அல்ல. அதனால் நாளைக் காலையில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று பயந்து தூக்கம் கெட வேண்டாம். ஆனால் அலுவலகத்துக்குள் ஊழியர்கள் எழுதிக்கொண்டவை வழக்கில் ஆதாரமாக வந்தன. உங்கள் ஃபிக்மா டிசைன் கோப்பின் ஓரத்தில் போட்ட குறிப்பு, மேனேஜருக்கு அனுப்பிய ஒரு வரி, எல்லாமே ஒருநாள் யாரோ உரக்கப் படிக்கக்கூடியவை.

“மேலிடத்து உத்தரவு” எல்லாக் காலத்திலும் குடை பிடிக்காது என்பதற்கும் உதாரணம் உண்டு. ஃபோக்ஸ்வேகன் கார் நிறுவனத்தின் டீசல் மோசடியில், புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள் விவகாரத்தில் பங்கிருந்த ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 2017இல் 40 மாதச் சிறையும் 2 லட்சம் டாலர் அபராதமும் கிடைத்தன. அவர் நிறுவனத்தின் தலைவர் அல்ல, சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். உங்கள் பட்டனை அதோடு ஒப்பிட மாட்டேன். அது அரசாங்கத்தையே ஏமாற்றத் தெரிந்தே திட்டமிட்ட மோசடி. தெரிந்தே செய்வது என்ற ஒன்று சேரும்போது ஊழியர் என்ற அடைமொழி எவ்வளவு சீக்கிரம் மெலிந்துபோகிறது என்பதற்காகத்தான் சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன்வரை உங்களுக்கு அந்தக் குரல் தெரியாது. இப்போது தெரியும்.

திங்கட்கிழமை ஏன் வேறு மாதிரி

சந்தாவைவிடத் தகவல் அழிப்பு பெரிய விஷயம். ஒருவர் எத்தனை மணிக்கு விழித்துக்கொள்கிறார், எதை நினைத்துக் கலங்குகிறார் என்பதெல்லாம் உங்கள் செயலியில் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. தகவலை அழிக்கக் கேட்கும் உரிமை தனியாக இருக்கிறது. மீறினால் 2 கோடி யூரோ, அல்லது உலக விற்றுமுதலில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். இதை உங்கள் மேனேஜர் அறியாமலே கேட்டிருக்கலாம். அப்படியானால் அவருக்கு நீங்கள் நல்லது செய்கிறீர்கள்.

கூட்டத்துக்கு முன்பே, அலுவலக மெயிலில், கோபமும் “நெறிமுறை” என்ற சொல்லும் இல்லாமல் நான்கைந்து வரி எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

“ரத்து செய்துவிட்டதாக நினைத்தவர்களிடமிருந்து பணம் எடுக்கப்பட்டதாகச் சேவைப் பிரிவுக்குப் புகார்கள் வருகின்றன. நான்காவது ஸ்க்ரீனில் ‘தொடரவும்’ என்ற சொல் இரண்டு பொருள் தருவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதை எழுதியது நான்; மாற்று வாசகம் இணைத்திருக்கிறேன். இதே அமைப்பைத் தகவல் அழிப்புப் பகுதிக்குக் கொண்டுபோகும்முன் சட்டப் பிரிவின் கருத்தைக் கேட்டுவிடலாமா?”

கடைசி வரிதான் முக்கியம். எந்தச் சட்டப் பிரிவும், எழுத்தில் கேட்ட கேள்விக்கு “பரவாயில்லை, ஏமாற்றுங்கள்” என்று எழுத்தில் பதில் தராது. என் இனத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா!

அப்புறம், கணக்கை மாற்றிக் காட்டுங்கள். உங்கள் சோதனை ரத்துகளை மட்டும் எண்ணியது. பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் எத்தனை பேர், வங்கியிடம் போய் “இந்தப் பணத்தை நான் கொடுக்கவில்லை” என்று மறுத்தவர்கள் எத்தனை பேர், ஒரு அழைப்புக்குச் சேவைப் பிரிவு செலவழிக்கும் நேரம் எவ்வளவு என்று எடுக்கச் சொல்லுங்கள். வங்கி வழியாக வரும் மறுப்புகள் அதிகமானால் கார்டு நிறுவனங்கள் அந்த வணிகரைக் கண்காணிப்பில் வைத்துக் கட்டணம் விதிக்கும். மனசாட்சிக்கு அசையாத மேனேஜர் இதற்கு அசைவார், நானே பார்த்திருக்கிறேன்.

எதிர்த்து ஒரு மெயில் போட்டுவிட்டு அதே ஸ்க்ரீனை வரைந்து கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். வழக்கு வந்தால் அந்த மெயில் உங்களுக்குக் கொஞ்சம் உதவும். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பவருக்கு உதவாது. சட்டப் பிரிவைக் கேட்காமலே “செய்” என்றால், அந்த ஒன்றை வரைய மாட்டேன், வேறு வேலை கொடுங்கள் என்று சொல்லுங்கள். இன்னொருவர் செய்வார் என்கிறீர்கள். செய்யலாம். நீங்கள் மறுத்த வேலை என்று தெரிந்து அதை எடுப்பவர் ஒருமுறையாவது ஏன் என்று கேட்பார். அது மட்டும் நடந்தாலும், இதுவரை உங்கள் அலுவலகத்தில் நடக்காதது அது.

ஸ்க்ரீன்ஷாட், ராஜினாமா

வெளியே போடுவதைப் பற்றி: இப்போது வேண்டாம். செயலியில் எல்லோரும் பார்க்கும் ஸ்க்ரீன் ரகசியம் அல்ல. ஆனால் சோதனை முடிவுகளும் உள் மெயில்களும் அழைப்புப் பதிவுகளும் ரகசியம். குறிப்பாக அந்த அம்மாளின் பதிவை உங்கள் போனுக்கு மாற்றிவைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவர் குரல் அவருடையது; அவரைக் கேட்காமல் அதை எடுத்துப்போவது, நீங்கள் எதை எதிர்க்கிறீர்களோ அதே காரியம். உள்ளே சொல்லிப் பார்த்தும் தகவல் அழிப்பு விஷயம் அப்படியே நடந்தால், உரிய ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் செய்யும் வழி இருக்கிறது. பல நாடுகளில் அப்படிப் புகார் செய்யும் ஊழியருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பு பொதுவாக ஆணையத்திடம் போனவருக்குக் கிடைக்கும். சமூக வலைத்தளத்தில் போட்டவருக்கு அந்த அளவு கிடைப்பது கடினம். அந்தக் கட்டம் வந்தால் முதலில் உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

ராஜினாமா செய்தால் மனம் ஆறுமா என்கிறீர்கள். உங்களுக்கு ஆறலாம். பட்டன் அங்கேயே இருக்கும். 1978இல் நியூயார்க்கில் வில்லியம் லெமெஷரியர் என்ற கட்டுமானப் பொறியாளருக்கு இதைவிடப் பெரிய சங்கடம். தான் கட்டமைப்பு வடிவமைத்து முந்தைய வருடம்தான் முடிந்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம், மூலைப் பக்கமாக அடிக்கும் பலத்த புயல்காற்றில் விழக்கூடும் என்று தெரிந்தது. ஒரு மாணவரின் கேள்விதான் அவரை மறுபடி கணக்குப் போடவைத்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். கடைசியில் உரிமையாளர்களிடம் தானே போய்ச் சொன்னார். இரவு இரவாக இணைப்புகளில் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துச் சரிசெய்தார்கள். எங்கே பலவீனம் என்று அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது, அதனால் அவர் இருந்தது நல்லதாயிற்று. (முழுக் கதாநாயகன் ஆக்கிவிட வேண்டாம். அக்கம்பக்கத்தில் இருந்த மக்களுக்கு உண்மையைச் சொல்லவில்லை. விஷயம் 1995 வரை வெளியே வரவில்லை.) அந்த நான்காவது ஸ்க்ரீனில் என்ன கோளாறு, எந்தச் சொல்லை மாற்றினால் தீரும் என்று அந்த அலுவலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் நீங்கள். அதனால் முதலில் அதைத் திருத்த முயலுங்கள். வேறு வேலை தேடுவதை இன்றே தொடங்குங்கள், இரண்டும் ஒருசேர நடக்கட்டும். கடன் கட்டுகிறவர் கையில் அடுத்த வேலை இருக்கும்போது மறுப்புச் சொல்வது எளிது. கணவரிடமும் இதை இந்தக் கணக்காகவே பேசிப் பாருங்கள். அவர் பயப்படுவது தவணையை நினைத்து என்றுதான் தோன்றுகிறது.

போனஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். நிறுவனத்திடம் கொடுத்தால் அது அந்த அம்மாளிடம் போகாது. அதைவிட, ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க ஒரு நேர்வழியை அதே செயலியில் வரைந்து கொடுங்கள். உங்கள் போர்ட்ஃபோலியோவில் “ரத்துகளைப் பாதியாகக் குறைத்தேன்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் எப்படிக் குறைத்தீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல முடியாத வரி அது.

திங்கட்கிழமைக்குமுன் வேலை ஒன்று பாக்கி. உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து ரகசியக் காப்பு, வேலை விலகல் ஆகிய இரண்டு பிரிவுகளையும் முழுதாகப் படியுங்கள். 11ஆம் பக்கத்தையும் விடாமல்.